மிளகை வீடு சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள அத்தைக்கும், ரெய்ஸ்தோர்ப் கடைக்கார அண்ணனுக்கும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், கோயிலில் எனக்காகச் சூடம் ஏற்றிய அக்காமார்களுக்கும்,

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் அண்டர்பர்க் பக்கம் நடந்த 40 கிலோமீட்டர் குதிரைச் சவாரிப் போட்டியை நானும் கடன் வாங்கிய குதிரை மிளகும் முடித்துவிட்டோம். மொத்தம் 14 குதிரைகள். எங்களுக்குப் 11ஆவது இடம். போனில் சொன்னபோது உங்களில் பாதிப் பேர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பரவாயில்லம்மா" என்றீர்கள். அந்தப் "பரவாயில்லை"க்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அது வருத்தமான இடமே இல்லை. ஏன் என்று புரிந்தால், யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் புரியும்.

இது ரேஸ் இல்லை. டர்பனில் ஜூலை மாதம் தொப்பி போட்டுக்கொண்டு பார்க்கப் போவோமே, அதுமாதிரி முதலில் வருகிறவருக்குக் கோப்பை கிடையாது. காட்டுவழியிலும் மலைச்சரிவிலும் குறித்துவைத்த பாதையில், சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மதிப்பெண் போகும். முந்தினாலும் போகும்! எங்களுக்குத் தந்தது நான்கே முக்காலிலிருந்து ஐந்தேகால் மணி நேரம். அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில், மேடு பள்ளம் பார்த்து நிதானமாகப் போக வேண்டும். கிளம்பும் முன், பாதி வழியில், முடித்த பிறகு என்று மூன்று முறை கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். அவர் "போதும்" என்றால் போதும். மேலே இருக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. குதிரை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மிளகை எனக்குத் தந்த அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். கார்க்லூஃப் பக்கத்துப் பண்ணைக்காரர். தன் பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். குதிரைக்கு அவர் வைத்த பெயர் பெப்பர். போயர்பெர்ட் வகைப் பெட்டைக்குதிரை, வயது 11, சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். அதை 'மிளகு' ஆக்கியது நம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் போய்ப் பழகினேன் என்பதற்காக ஒரு குதிரையைக் கடன் கொடுத்துவிட முடியாது. இந்த நாட்டில் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கொசுவை விடச் சின்னப் பூச்சி ஒன்று பொழுது சாய்ந்ததும் கடித்துப் பரப்பும் காய்ச்சல் அது. 1854-55இல் கேப் பகுதியில் ஏறத்தாழ 70,000 குதிரைகளைக் கொண்டுபோயிருக்கிறது. இன்றும் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். போட்டிக்குப் போகும் குதிரைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதில் ஊசி போட்ட தேதி இருக்க வேண்டும். அந்த அம்மா மிளகின் பாஸ்போர்ட்டைத் தன் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார். அந்த உறையை அப்படியே என் கையில் கொடுத்து, "திருப்பிக் கொண்டுவா. ரெண்டையும்" என்றார். குதிரையையும் பாஸ்போர்ட்டையும் சொன்னார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருடைய பாஸ்போர்ட்டும் உள்ளேதான் இருந்தது. போட்டிக்குப் போகும் வழியில் புல்வர் ஊரில் வண்டி நிறுத்தியபோதுதான் பார்த்தேன்.

வண்டி என்றதும் ரெய்ஸ்தோர்ப் அண்ணன் நினைவு வருகிறது. எங்கள் பக்கி (இங்கே பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர்) குதிரை டிரெய்லரை இழுக்காது என்று தெரிந்ததும், கடைக்குச் சரக்கு எடுக்கும் பெரிய பக்கியை இரண்டு நாள் தந்தார். (புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி மாரிட்ஸ்பர்க் வந்த புதிதில், "உங்க வீட்டுக்காரர் பக்கி எங்கே?" என்று ஒருவர் கேட்டபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது இன்னும் வீட்டில் சிரிப்புக் கதை.) அண்ணே, அந்த ரெண்டு நாளும் நீங்கள் மிளகாய்த்தூள் மூட்டையைக் காரின் பின்சீட்டில் போட்டு ஓட்டினீர்கள் என்று அண்ணி சொன்னார். கார் இன்னும் தும்ம வைக்கிறதாமே.

அத்தை, உங்களுக்கு ஒரு மன்னிப்பும் சேர்த்து. குதிரை என்றதும் நீங்கள் டர்பனில் தேடிப் பிடித்து மூன்று கிலோ கொள்ளு வாங்கி, ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்து, தூக்குவாளியில் கட்டித் தந்தீர்கள். "கொள்ளுன்னா குதிரைக்குத்தானே?" ஆமாம், ஊரில் அப்படித்தான். ஆனால் பழகாத தீனியைப் போட்டிக்கு முன்னால் போட்டால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். நமக்கு வருகிற மாதிரி ஓமவாட்டரில் தீர்வதில்லை, உயிருக்கே ஆபத்து. மிளகுக்கு அவள் தினமும் தின்னும் உலர்புல்லும் கொஞ்சம் குதிரைமசாலும் மட்டும்தான். உங்கள் கொள்ளை அன்று ராத்திரி கூடாரத்தில் தாளித்து, நாங்கள் சுண்டலாகச் சாப்பிட்டோம். பக்கத்துக் கூடாரத்து ஆப்பிரிக்கான்ஸ்காரர் மூன்று தடவை கேட்டு வாங்கினார். மறுநாள் அவர் எனக்குச் செய்ததை நினைத்தால், அந்தச் சுண்டலுக்கு நீங்கள்தான் வட்டி வாங்கியிருக்கிறீர்கள்.

காலை ஆறரைக்குப் புல்லெல்லாம் உறைபனி. முதல் சோதனையில் மிளகின் நாடி நிமிடத்துக்கு 38. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு அது நல்ல எண். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார் மருத்துவர், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும் பெண். ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார்; உடம்பில் நீர் இருந்தால் தோல் உடனே படிந்துவிடும். வயிற்றின் நான்கு பக்கமும் காதை வைக்காத குறை. குடல் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாத வயிறுதான் கெட்ட வயிறு. பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, மிளகு கூடவே துள்ளோட்டம் வர, நொண்டுகிறதா என்று பார்த்தார். "குதிரை நல்லா ஓடுது. நீங்கதான் நொண்டுறீங்க" என்றார். புது பூட்ஸ். என் தப்பு.

பாதை முதல் 22 கிலோமீட்டர் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம். ஜூலு மொழியில் அந்த மலைக்கு உகஹ்லாம்பா என்று பெயர். ஈட்டிகளை நட்டுவைத்த வேலி என்று பொருள் சொல்கிறார்கள். குளிர்காலக் கடைசியில் புல் காய்ந்து சிங்கத் தோல் நிறத்தில் கிடக்கும். நடுநடுவே காட்டுத்தீ தாண்டாமல் இருக்க எரித்துவைத்த கறுப்புப் பட்டைகள். உச்சியில் மட்டும் வெள்ளைக் கோடாகப் பனி. இந்த மலைக் குகைகளில் சான் மக்கள் மான்களோடு குதிரைகளையும் வரைந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அப்படி ஒரு மலைக்குக் கீழே உயிருள்ள குதிரைமேல் போவது எப்படி இருந்திருக்கும்? தலை கொஞ்சம் சுற்றிவிட்டது. அதுதான் வினை.

மிளகு நன்றாக ஓடினாள், நானும் விட்டேன். மேட்டில் நடக்கவிட்டிருக்க வேண்டியதை ஓடவிட்டேன். ஒன்பதரை மணிக்கெல்லாம் பெர்க் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். மழைக்குளிர் வருவதற்கு முந்தின நாள் உள்நாட்டு மேட்டிலிருந்து கடல்பக்கமாக இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடேறி, ஆகஸ்டிலும் அடுப்பங்கரை மாதிரி அடிக்கும். குளிர்கால ரோமத்தோடு இருக்கும் குதிரைக்கு அது கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுவது போல. உம்சிம்குலு ஆற்றில் போய்ச் சேரும் ஓடை ஒன்றைக் கடக்கும்போது மிளகு தண்ணீரில் வாய் வைக்கவில்லை. குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். நீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால், உடம்பு காய்ந்தாலும் தாகம் எடுப்பதில்லை. படித்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில், "தாகமில்லை போல" என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பார்கள். இங்கே குதிரை சரியாகத்தான் இருந்தது, மண் என் மண்டையில்தான்.

பாதிவழிச் சோதனைக்கு வந்து சேர்ந்தபோது நாடி 84. இருபது நிமிடத்துக்குள் 64க்குக் கீழே வரவில்லை என்றால் அத்தோடு வெளியே.

இங்கேதான் பாபா. பண்ணையில் முப்பது வருடமாகக் குதிரை பார்க்கிறவர். ஜூலுவில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், அப்பா என்று. அவர் என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சேணத்தை அவிழ்த்துக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரரிடம் இரண்டு வாளியைக் காட்டினார். ஒரு கடற்பஞ்சை எடுத்து, பெரிய ரத்தக்குழாய் ஓடும் கழுத்தின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் விட்டு, உடனே உள்ளங்கையின் ஓரத்தால் வழித்தார். முதலில் வழிந்த தண்ணீர் வெந்நீராக வந்தது. என் கையில் பட்டது, அதனால் தெரியும். மறுபடி விட்டார், மறுபடி வழித்தார். கழுத்து, மார்பு, கால்களின் உட்பக்கம். பின்தொடையின் பெரிய சதைமேல் மட்டும் ஒரு சொட்டு விடவில்லை. அங்கே திடீரென்று குளிர்ந்தால் சதை பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. வாயால் ஒரே சொல்: "கஹ்லே... கஹ்லே..." மெதுவா, நல்லபடியா. அது குதிரைக்கா, பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை. ஆறாவது வாளியில் மிளகு தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டாள். பத்தாவது நிமிடம் 72. பதினெட்டாவது நிமிடம் 62.

பிறகு பாபா உப்புக்கரைசலை நாக்கில் தடவிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மிளகு ஒரு வாளித் தண்ணீரை இழுத்துக் குடித்தாள். மருத்துவப் பெண் நாடியை இரண்டு முறை எண்ணிவிட்டு, "போகலாம். ஆனா இனி குதிரை சொல்றதக் கேளுங்க" என்றார். அவர் என்னை வெளியே நிறுத்தியிருந்தாலும் இந்த மடலை எழுதியிருப்பேன். அத்தனை சிரத்தையாக எண்ணினார்.

அந்த வாளிகளில் ஒன்றின்மேல் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டிய காகிதம் இருந்தது: "போய் வா மிலகு". ஆமாம், 'ல'. திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. தண்ணீர் பட்டு மற்ற எழுத்தெல்லாம் கரைந்தும் அந்த 'ல' மட்டும் கரையவில்லை. இந்தச் சனிக்கிழமை ல, ள, ழ பாடம் உண்டு, தப்பிக்க முடியாது கண்ணுகளா.

இரண்டாவது சுற்றில் அந்தச் சுண்டல்காரர் தன் அரேபியக் குதிரையில் என் பின்னாலிருந்து வந்தார். தாண்டிப் போயிருக்கலாம், அவருக்கு நேரம் இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்து வேகத்தைக் குறைத்து, மிளகை அவருடைய குதிரையின் நடைக்கு இழுத்துக்கொண்டார். தனியாகப் போகும் குதிரை பதறும், துணை இருந்தால் அடங்கும். இறக்கம் வந்ததும் அவர் இறங்கி நடந்தார். நானும் இறங்கினேன். புது பூட்ஸில் இரண்டு கிலோமீட்டர். அந்தக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அது எனக்கு வேண்டியதுதான். வழியில் மூன்று இடங்களில் பண்ணைக் கதவுகளைத் திறந்துவைத்து, மாட்டை ஒதுக்கி, நாங்கள் போனதும் மூடிய பிள்ளைகள் யார் என்றே தெரியாது. கடைசிக் கதவில் நின்ற பையனிடம் "ங்கியபோங்கா" என்று ஜூலுவில் நன்றி சொன்னேன். "ஹம்பா கஹ்லே" என்று கத்தினான். நல்லபடியாகப் போ.

முடித்த நேரம் ஐந்து மணி 21 நிமிடம். ஆறு நிமிடம் தாமதம், அதற்கு மதிப்பெண் போனது. வயிற்று வார் மடங்கி உராய்ந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவு ரோமம் தேய்ந்திருந்தது, அதற்கும் போனது. இரண்டும் என் கணக்கு. கடைசிச் சோதனையில் நாடி பத்தே நிமிடத்தில் 56, குடல் சத்தம் நான்கு பக்கமும், நடையில் குறையில்லை. அது பாபாவின் கணக்கு.

பாபாவுக்கும் மருத்துவருக்கும் பண்ணையம்மாவுக்கும் அவரவர் மொழியில் நேரில் சொல்லிவிட்டேன். பாபாவுக்குச் சொன்னபோது அவர் மிளகின் குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அக்காமாரே, உங்கள் சூடம் எந்தக் கிலோமீட்டரில் வேலை செய்தது என்று கேட்டீர்கள். பதினேழாவது நிமிடத்துக்கும் பதினெட்டாவது நிமிடத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கூடாரத்தைச் சுருட்டும்போது யாருடையதோ நீலநிறப் பிளாஸ்க் ஒன்று எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. மூடியில் சின்ன நெளிவு, அடியில் பழைய ஸ்டிக்கர் கிழித்த தடம். உள்ளே இஞ்சி டீ இருந்ததால் நம்மவர்களில் ஒருவருடையதுதான் என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்; அத்தையின் தூக்குவாளி உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.