முருகேசனுக்கு, கை ஆபரேஷன் செலவு பற்றி

திருப்பூர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அச்சகத்துக்குப் புதுக் கட்டிங் மெஷின் வந்ததும், மூத்தவள் பி.காம். முடித்ததும் படித்து எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் போகிற போக்கில் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறேன், சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கிறது, டாக்டர் ஆபரேஷன் என்கிறார், எவ்வளவு ஆகும் என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சாந்திக்குப் போன வருஷம் செய்தது இதே ஆபரேஷன்தான். கார்பல் டனல். மணிக்கட்டில் ஒரு தசைநார் குறுக்கே ஓடுகிறது, அதற்கு அடியில் மீடியன் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி அந்த நரம்பின் பொறுப்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பிக்கிறது. தசைநாரை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும். உள்ளங்கையில் சின்ன வெட்டு, அரைமணிகூட ஆகாத வேலை.

இனி பணம். அந்த மருத்துவமனையில் சாந்தியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். கம்பெனி பாலிசி இருக்கிறது என்றேன். உடனே சிங்கிள் ரூம், ஒரு ராத்திரி தங்கல், கை முழுக்க மரத்துப்போக ஊசி, அதற்குத் தனி மயக்க டாக்டர், ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே. பில் 71,000. அதில் எங்கள் கையிலிருந்து போனது 9,000 சொச்சம். கையுறை, பதிவுக் கட்டணம், "இதர செலவு" என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளியது அது. காலையிலேயே கட்டுப் பிரித்துப் பார்த்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஒப்புதல் வர சாயங்காலம் ஆகிவிட்டது. டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2024இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டிருக்கிறது. அந்தக் கவுண்டரில் அதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

எங்கள் தெருவில் செல்வி அக்கா என்று ஒருவர், ஓவர்லாக் தையல் மெஷின் அடிப்பவர். ஜாப் ஒர்க் யூனிட், இ.எஸ்.ஐ. கிடையாது, பாலிசியும் கிடையாது. சாந்திக்குச் செய்த அதே டாக்டர், சாயங்காலம் போகிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு மொத்தமாக 24,000 சொன்னார். உள்ளங்கையில் மட்டும் ஊசி போட்டு, பேசிக்கொண்டே முடித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்கா பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். அதே கை, அதே கத்தி. மீதி 47,000 எங்கே போனது என்று பில்லை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். பெரும்பாலும் அறைக்கும், அறையைச் சார்ந்து ஏறுகிற கட்டணங்களுக்கும். நம் பையிலிருந்து போகவில்லையே என்று நாமும் வாயைத் திறப்பதில்லை.

அதற்காக இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 24,000 என்று கேட்டதும் அக்கா என்ன செய்தார் தெரியுமா? தீபாவளி போனஸ் வரட்டும், பையன் ஃபீஸ் கட்டி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள், நரம்பு நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்ததில், கட்டைவிரலடி மேட்டின் தசை வற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மரமரப்பு போய்விட்டது, ராத்திரி தூங்குகிறார். ஆனால் சட்டைப் பித்தானைப் பிடித்துப் போட இன்னும் வரவில்லை. அதோடு தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட் வேலை. கை ஆறுகிற வாரங்களில் வருமானம் சுத்தமாக இல்லை. சாந்திக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. அக்காவுக்கு ஆபரேஷனைவிட அந்தச் சும்மா இருந்த வாரங்கள்தான் பெரிய செலவு. இதை எந்த எஸ்டிமேட்டிலும் எழுதமாட்டார்கள்.

இப்போது உன் விஷயம். பாலிசி எடுத்து எட்டு மாசம் என்கிறாய். பல பாலிசிகளில் முதல் 24 மாதத்துக்குச் சில நோய்களுக்குத் தரமாட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார். இன்னொன்று, உனக்குச் சர்க்கரை உண்டு. பாலிசி எடுக்கும்போது அதைச் சொன்னாயா? சர்க்கரைக்காரர்களுக்கு இந்த நோய் அதிகம் வரும், அதனால் இது பழைய நோயின் தொடர்ச்சி என்று தட்டிக்கழிக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். உனக்கு அது முடியவில்லை.

அறை வாடகை வரம்பையும் பார். வரம்பு 3,000 என்று இருந்து நீ 6,000 அறையில் படுத்தால், வாடகையில் மட்டும் வெட்டமாட்டார்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துவிடும் பாலிசிகள் நிறைய. அன்றே வந்து அன்றே போகிற டே கேர் ஆபரேஷனாகச் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை. 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் என்பது டே கேர் சிகிச்சைகளுக்குப் பொருந்தாது. யாராவது பழைய கதை சொன்னால் நம்பாதே.

பாலிசி கைகொடுக்கவில்லை என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பணம் வாங்கமாட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவு 1971இலிருந்து நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்றதும் உன் அண்ணன் முகம் சுளிப்பார், கண்டுகொள்ளாதே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்குள் இருக்கவேண்டும். அச்சக முதலாளிக்கு வி.ஏ.ஓ. அந்த வருமானச் சான்று தரமாட்டார்.

எதற்கும் முதலில் நரம்பு டெஸ்டை எடுத்துவிடு. லேசானது என்று வந்தால், ராத்திரி மணிக்கட்டுப் பட்டியும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் பார்க்கலாம், சில ஆயிரத்தில் முடியும். ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் சொல்லிவிடு. கட்டைவிரலடி மேடு வற்ற ஆரம்பித்திருந்தால் மட்டும் பணக்கணக்கை மூட்டை கட்டிவிட்டு உடனே செய்துகொள். முன்பணம் குறைந்தால் நான் இருக்கிறேன்.

பாலிசியின் எல்லாப் பக்கத்தையும், பொடி எழுத்து உள்பட, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசுகிறேன். சாந்தி உன் வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ரங்கராஜ்