இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வார்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று இவள் கேட்கச் சொன்னாள். சின்னவன் ரயில்வே தேர்வில் தேறியதை நம் கூட்டாளி 'ஒட்டகம்' சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம், இப்போது அதைவிட அவசரமான காரியம் ஒன்று வந்திருக்கிறது.

எங்கள் ஹாக்கி அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். உரிமையாளர் தரப்பில் இருவர், மேலாளர், பழைய ஆட்டக்காரர் என்ற முறையில் நான். வந்த விண்ணப்பங்களைக் கழித்துக் கழித்து மூன்று பேரில் வந்து நிற்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை முடிவு. நான்கு நாட்களாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உன்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. பெயர்களை எழுத மாட்டேன், நீயும் துருவாதே.

முதலாமவர் ஐரோப்பியர். ஒலிம்பிக் பதக்கம் வென்ற அணியோடு இருந்தவர். பெயரைச் சொன்னாலே நீ எழுந்து உட்காருவாய். இரண்டாமவர் நம் நாட்டுக்காரர். ஜூனியர் பையன்களை வளர்த்து ஆளாக்கியவர், இந்தியில் பேசிப் பேசியே பையன்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். மூன்றாமவரும் வெளிநாட்டவர்தான், ஆனால் எங்கும் தலைமைப் பொறுப்பில் இருந்ததில்லை. பெரிய பயிற்சியாளர் ஒருவரின் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

நேர்காணலில் வழக்கமான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் தத்துவம் என்ன, அணியை எங்கே கொண்டுபோவீர்கள் என்றெல்லாம். எல்லோருக்கும் மனப்பாடமான பதில்கள். எனக்குப் பொறுக்கவில்லை. போன சீசனில் நாம் தோற்ற அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போடச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், மூன்றாவது கால்பகுதி முடியும்போது ஒரு கோல் முன்னிலை, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் போயிற்று. மூன்றாவது கால்பகுதி முடிந்த இடத்தில் நிறுத்தி, மூவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன். "இடைவேளை இரண்டு நிமிடம். அணி உங்கள் முன்னால் நிற்கிறது. என்ன சொல்வீர்கள்?"

ஐரோப்பியர் திரையில் கோடு கோடாக வரைந்து காட்டினார். எதிரணி பந்தை எந்தப் பக்கம் சுழற்றும், நாம் எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும், யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். ஒன்றுகூடத் தவறில்லை. அவர் விளையாட்டைப் பார்க்கும் ஆழம் நம்மில் யாருக்கும் கிடையாது, இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் சொல்லி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. பாதி அணி மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இதில் எத்தனை வார்த்தை காதில் விழும்?

நம் ஆள் முதல் அரை நிமிடத்திலேயே என்னை உருக்கிவிட்டார். பையன்களின் தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல் இருந்தது. ஆனால் பேச்சின் சாரம் ஒன்றுதான். எல்லோரும் பின்னால் வாருங்கள், இந்த ஒரு கோலைக் காப்பாற்றுங்கள். மாப்பிள்ளை, அன்று நாம் தோற்றதே அப்படித்தான்! பதினைந்து நிமிடம் பின்னால் போய் நின்றால் எதிரணி நம் கோலுக்கு முன்னால் இருக்கும் சர்க்கிளுக்குள்ளேயே குடியிருக்கும். ஒரு பந்து நம் ஆள் காலில் பட்டால் போதும், பெனால்டி கார்னர் என்று எதிரணிக்குக் கோலடிக்க நேரான வாய்ப்பு. இன்று ஒவ்வொரு அணியிலும் அதில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிக்க இரண்டு பேராவது இருக்கிறார்கள். காப்பாற்றுவது என்பது காலம் முடிந்துபோன விளையாட்டு.

மூன்றாமவர் பதிலே சொல்லவில்லை. வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு திரையின் ஓரத்தில் விரலை வைத்து, "இடது பக்கம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, இந்தப் பையன் யார்? எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறான்?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் மடிக்கணினியைத் திறந்து தேடினார். அந்தக் கால்பகுதி முழுக்க அவனை வெளியே எடுக்கவே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்ற விளையாட்டில் இடது பக்கத்தைக் காக்கிற ஒரு லெஃப்ட் ஹாஃபைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறோம்! கடைசிக் கால்பகுதியில் நமக்கு விழுந்த கோல்கள் எந்தப் பக்கமிருந்து வந்தன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர் சொன்னது சுருக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று பேரிடம் மட்டும் பேசுவேன் என்றார். இந்தப் பையனை உட்காரவைத்து, எப்போது திரும்ப இறங்குவான் என்று அவனுக்கே சொல்லிவிடுவேன். நடுவில் நிற்கிற சென்டர் ஹாஃபிடம் ஒரே ஒரு கட்டளை. கோல்கீப்பரிடம் ஒன்று. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கட்டும். பையனுக்கு என் ஆங்கிலம் புரியாது என்றால் அவன் மொழி பேசுகிற ஒருவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்றார்.

அப்போதே தீர்மானித்துவிட்டேன், இவர்தான் என்று.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். நீ இந்நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் வெள்ளைக்காரனா?" என்று தங்கச்சியிடம் கத்தியிருப்பாய். இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நம் ஹரேந்திர சிங்கை இழுப்பாய் என்றும் தெரியும். 2016இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று தந்த மனிதரை, 2018 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-1 என்று தோற்றதும், அடுத்த மாதமே அனுப்பினார்கள். அது அநியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அந்த அநியாயம் இந்திய அணிக்கு வந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் நடந்ததே! பால் வான் ஆஸ் 2015இல் வந்த வருடமே போனார். ஓல்ட்மான்ஸை 2017இல் அனுப்பினார்கள். மரேனேயைப் பெண்கள் அணியிலிருந்து ஆண்கள் அணிக்கு மாற்றி, அடுத்த வருடமே ஹரேந்திராவோடு இடம் மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதே மரேனேதான் டோக்கியோவில் நம் பெண்களை நான்காம் இடம் வரை கொண்டுபோனார். கிரஹாம் ரீடை நினைத்துப் பார். அவர் பயிற்சியில்தான் டோக்கியோவில் நம் ஆண்களுக்கு 41 வருடம் கழித்து ஒலிம்பிக் பதக்கம், ஜெர்மனியிடம் 3-1 என்று பின்தங்கியிருந்த அணி 5-4 என்று வென்றது. அவரும் 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றதும் பதவி விலகினார். பாஸ்போர்ட் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உரிமையாளர் தரப்பில் கேட்கிற கேள்வி வேறு. தலைமைப் பொறுப்பில் இருந்திராத ஒருவரை வைத்து எப்படி நம்புவது, விளம்பரம் தருகிறவர்களிடம் யார் பெயரைச் சொல்வது என்கிறார்கள். அவர்கள் போடும் பணம், கேட்க உரிமை உண்டு. அதற்கு நான் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கிரேக் ஃபுல்டனைக் காட்டினேன். அயர்லாந்தை 2016 ஒலிம்பிக்குக் கொண்டுபோனவர், பிறகு பெல்ஜியத்தில் உதவிப் பயிற்சியாளராகப் போய் உட்கார்ந்தார். அந்த அணி 2018 உலகக் கோப்பையையும் டோக்கியோ தங்கத்தையும் வென்றபோது அவர் இரண்டாவது நாற்காலியில்தான் இருந்தார். அங்கே கற்றதைத்தான் பாரிஸில் பார்த்தோம். பிரிட்டனோடு காலிறுதி, நம் தடுப்பாட்டக்காரர் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை, நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேர். பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து ஓடுகிற ஆளே வெளியே போய்விட்டார். ஆனாலும் அணி சிதறவில்லை. 1-1, பிறகு ஷூட் அவுட். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கைகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தது பெஞ்சை. யார் எப்போது உள்ளே போக வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. அதற்கு முன்கூட்டியே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நம் ஹாக்கி இந்தியா லீக்கில் இது இன்னும் முக்கியம். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு மாதக்கணக்கில் முகாம் கிடைக்கிறது. நமக்கு மொத்தச் சீசனே ஒரு மாதத்தைச் சுற்றித்தான். 2024-25 சீசனின் விதிப்படி 24 பேர், அதில் எட்டுப் பேர் வெளிநாட்டவர், நான்கு பேர் கட்டாயமாக ஜூனியர்கள். பல தேசத்துப் பழக்கம், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிவதற்குள் பாதி ஆட்டங்கள் முடிந்துவிடும். இந்தக் கால அளவில் யாரும் புதிய ஆட்டமுறையைக் கட்டி எழுப்ப முடியாது. எந்தப் பையன் களைத்துவிட்டான், எவன் பயந்துபோயிருக்கிறான், யாருக்கு எந்த ஐந்து நிமிடம் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அந்த நான்கு ஜூனியர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. போன சீசனில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான் அல்லவா, வாத்தியார் அனுப்பிவைத்தவன். கடைசி ஆட்டம் முடிந்து பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்டிக்கின் பிடியில் சுற்றியிருந்த டேப் கடையில் சுற்றியதுபோல் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு சீசன் முழுக்க ஆடியவனின் டேப் கறுத்து, நைந்து, நுனி பிரிந்து கிடக்க வேண்டாமா? "அடுத்த வருஷம் என்னை வைத்திருப்பார்களா சார்?" என்று மட்டும் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே இறக்கினால்தானே அவன் எப்படி என்று தெரியும்! அவன் ஆட வேண்டுமா, பாட்டில் தூக்க வேண்டுமா என்பதைப் பயிற்சியாளர் ஒருவர்தான் தீர்மானிக்கிறார். இந்தத் தேர்வில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த டேப்தான்.

குழுவின் முன் இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஏலத்துக்கு முன் தேர்ந்தெடுத்து, ஏல மேசையில் அவரையும் உட்காரவைக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு வந்தால் அடுத்தவர் வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இன்னொன்று, ஒப்பந்தம் இரண்டு சீசனுக்கு. இரண்டாவதைக் கேட்டதும் உரிமையாளர் தரப்பில் ஒருவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நம் ஆளை அப்படியே விடுவதாக இல்லை. உதவிப் பயிற்சியாளராக வர ஒப்புக்கொள்வாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பையன் காதில் அவன் மொழியில் பேச அவரைவிடச் சிறந்தவர் யார்? ஆனால் தலைமைக்கு விண்ணப்பித்தவரை இரண்டாவது நாற்காலிக்குக் கூப்பிடுவது அவமரியாதையாகப் படுமோ என்று தயக்கமாக இருக்கிறது. நீ அவரோடு ஆடியவன், அவர் குணம் உனக்குத் தெரியும். நீயே ஒருமுறை பேசிப்பார்க்க முடியுமா? என் பெயரைச் சொல்லலாம்.

வியாழக்கிழமைக்குள் எனக்கு பதில் வந்துவிட வேண்டும். திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு, ஆனால் காரணத்தோடு திட்டு. முன்னிலையில் இருக்கும் அணியைப் பின்னால் இழுப்பது சரி என்று இன்னமும் நினைக்கிறாயா என்பதையும் எழுது. நீ சென்டர் ஹாஃபாக நின்ற காலத்தில் ஒருமுறைகூட அப்படி ஆடியதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

தங்கச்சிக்கு என் அன்பு. சின்னவனுக்கு வாழ்த்து. இதில் எதையும் ஒட்டகத்திடம் மட்டும் சொல்லிவிடாதே, பொழுது சாய்வதற்குள் கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும்.

என்றும் உன்,
மச்சான்