கிழக்குக் கரை மத்திக்கு ஒரு நீண்ட கணக்கு வேண்டும்: மீன்வளத் துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை ஆணையர் அவர்களுக்கும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை நிலைய விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

இந்த மடலில் சுருக்குமடி வலை பற்றியோ டீசல் மானியம் பற்றியோ தடைக்கால நிவாரணம் பற்றியோ எதுவும் இல்லை. அவற்றைப் பேச எங்கள் பகுதியில் என்னைவிடக் குரல் பெரிதானவர்கள் இருக்கிறார்கள். நான் வடசென்னையில் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். கேட்க வந்தது ஒரு சின்ன விஷயம். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் தெற்கே இன்னும் சில துறைகளிலும் கரையேறும் மத்தி மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லையும் துடுப்பில் ஒரு நறுக்கையும் ஆண்டுதோறும், அதே இடத்தில், அதே பருவத்தில் எடுத்து உறை போட்டு வைக்க வேண்டும். அதை எந்த ஆண்டும் விட்டுவிடக் கூடாது. என் கோரிக்கையில் கடினமான பகுதி இந்தக் கடைசி வரிதான்.

மத்தி என்றாலே கேரளா என்று ஆகிவிட்டது. ஆனால் வலென்சியன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1847இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியது புதுச்சேரியிலிருந்து போன மீனை வைத்து. அப்படி இருந்தும், அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் சோழமண்டலக் கரையில் இது பேர் சொல்லும்படி பிடிபட்டதில்லை. 1980களின் பின்பாதியில்தான் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கூட்டம் கூட்டமாக வலையில் விழ ஆரம்பித்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்து ஏலத்தில் கவலையும் நெத்திலியும் காரப்பொடியும்தான் பொடிமீன். மத்தியைப் பேச்சாளை என்று தனியாகக் கூடை வைத்து ஏலம் கூறுவது பிறகு வந்த பழக்கம்.

எங்கிருந்து வந்தது இவ்வளவு மீன்? இரண்டு விதமாக நடந்திருக்கலாம். மேற்குக் கரைக் கூட்டம் குமரிமுனையைச் சுற்றி, மன்னார் வளைகுடா வழியாக நம் பக்கம் பரவியிருக்கலாம். அல்லது இங்கேயே எப்போதும் இருந்த ஒரு சிறு கூட்டம், கடல் சூழல் சாதகமாக மாறியதும் பெருகியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் பொழுதுபோக்காக விவாதிக்கும் கேள்வியாக இது தோன்றும். அப்படியில்லை. முதலாவது சரி என்றால் நம் வலையில் விழுவதன் விதி கேரளக் கரையில் முட்டையிடும் மீன்களிடம் இருக்கிறது. நாம் இங்கே என்ன கட்டுப்பாடு போட்டாலும் பாதிதான் பலிக்கும். இரண்டாவது சரி என்றால் இது நம் கூட்டம். அழித்தால் மேற்கிலிருந்து வந்து யாரும் நிரப்பித் தர மாட்டார்கள்.

மத்தி எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதற்கு கேரளக் கணக்கே போதும். 2012இல் அங்கே சுமார் 3.9 லட்சம் டன் கரையேறியது. 2021இல் சுமார் 3,300 டன். ஒன்பதே ஆண்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த வறட்சிக் காலத்தில் நம்மூர் மத்தி லாரி லாரியாக ஐஸ் பெட்டியில் மலையைத் தாண்டிப் போனது உங்களுக்கே தெரியும். ஒரு கரையில் வறண்ட மீன் இன்னொரு கரையில் கிடைத்துக்கொண்டிருந்தது என்றால், இரண்டும் ஒரே கூட்டமாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். சந்தேகத்தை வைத்துச் சட்டம் போட முடியாது, சரி. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி இருக்கும்போது அதை எடுக்காமல் இருப்பதும் நியாயமில்லை.

சந்தையில் இதற்கு ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கேரள மத்திக்கு நெய் அதிகம், தமிழ்நாட்டு மத்தி சப்பென்று இருக்கும் என்பது அங்கே பொதுப்பேச்சு. இங்கே எனக்கு வழக்கமாக மீன் வெட்டித் தரும் அம்மா அதைத் திருப்பிச் சொல்வார்: "கேரளா மீனு வந்தா வயித்தப் பார்த்தே சொல்லிடுவேன் டீச்சர். குழம்புல எண்ணெ தனியா மெதக்கும். நம்மூரு சாளைக்கு அந்தத் திமிரு கிடையாது." அவர் கண்ணை நான் நம்புகிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் நம்பத் தயங்குகிறேன். கொழுப்பு என்பது மீன் எதைத் தின்றது, எப்போது முட்டையிட்டது என்பதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்பி, நுண்பாசி பெருகி, மத்திக்கு விருந்து நடக்கிறது. அதே குஞ்சை இங்கே கொண்டுவந்து வளர்த்தால் அதுவும் மெலியலாம். உடல் நீளம், தலை அகலம், உடற்பருமன் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு.

அப்படியானால் ஓர் இனத்துக்குள் கூட்டங்களைப் பிரித்தறிவது எப்படி? இந்த வேலை புதிதல்ல. ஜெர்மானியரான ஹைன்கே 1898இல் ஹெர்ரிங் என்ற ஐரோப்பியக் கடல் மீன்களை அளந்து, முள்ளெலும்பு எண்ணி, ஒரே இனத்துக்குள் வேறுவேறு கூட்டங்கள் இருப்பதைக் காட்டினார். அதன் அருமை பிறகு பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் தெரிந்தது. அங்கே இலையுதிர் காலத்தில் வடக்கே முட்டையிடும் ஹெர்ரிங் கூட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் முட்டையிடும் இன்னொரு கூட்டமும் உண்டு. மேயும்போது எல்லாம் கலந்து நிற்கும். கலந்த மீனை மொத்தமாகக் கணக்குப் போட்டால் எண்ணிக்கை தெம்பாகத் தெரியும், உள்ளே ஒரு கூட்டம் தேய்ந்துகொண்டிருப்பது தெரியாது. 1950களில் கால்வாய்க் கூட்டம் சரிந்தது. கடைசியில் 1977இல் வட கடலில் ஹெர்ரிங் பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று. நம் கரையிலும் கரையேறும் மத்தியை 'தமிழ்நாடு, இத்தனை டன்' என்று ஒரே வரியில் எழுதும்போது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

இப்போது கையில் இருக்கும் கருவிகள் ஹைன்கே கனவிலும் காணாதவை. மத்தியின் தலையை மேலிருந்து பிளந்து மூளையை ஒதுக்கினால், அடியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இரு காதுக்கற்கள் கிடைக்கும். அரிசிக் குருணை அளவுதான். நுனி மெல்லிய இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கும் சவ்வை நீக்கி, கறுப்புத் தாளில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். பதற்றப்பட்டு அழுத்தினால் பொடிந்துவிடும். மாணவர்கள் முதல் நாள் பொடித்துத் தள்ளுவார்கள். அந்தக் கல்லின் நடுப்பகுதி மீன் குஞ்சாக இருந்தபோது படிந்தது. அது நீந்திய நீரின் வேதியியல் அதில் பதிவாகி நிற்கும். கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கொட்டுவதால் வங்கக் கடலின் மேல்நீர் அரபிக் கடலைவிட உப்புக் குறைந்தது. ஆகவே கல்லின் மையத்தில் உள்ள ஸ்ட்ரான்சியம், பேரியம், ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவுகளை வைத்து மீன் எந்தக் கடலில் பிறந்தது என்று ஊகிக்கும் வாய்ப்பு நமக்கு நன்றாகவே இருக்கிறது.

மரபணு வழியும் உண்டு; துடுப்பு நறுக்கு அதற்குத்தான். 2023இல் மத்தியின் முழு மரபணுத் தொகுதியையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே வெளியிட்டது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோடிக்கணக்கில் இருக்கும் மீன் கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்கு ஒரு சில மீன்கள் மாறிப் போனாலே போதும், பொதுவான மரபணு வித்தியாசங்கள் மங்கிவிடும். ஆய்வு அறிக்கையில் 'வித்தியாசம் இல்லை' என்று வரும். அதைப் படிக்கும் அதிகாரி 'ஒரே கூட்டம்தான்' என்று கோப்பில் எழுதிவிடுவார். ஆனால் தலைமுறைக்குப் பத்து மீன் குமரிமுனையைத் தாண்டி வருவதால் காசிமேட்டுக்காரர் வலை நிறையுமா? மரபணுவுக்குப் போதுமான கலப்பு வேறு, வலைக்குப் போதுமான கலப்பு வேறு. அதனால்தான் காதுக்கல்லும் துடுப்பும் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

ஏன் ஆண்டுதோறும்? மத்தி ஒரு வயதுக்குள் பருவமடைந்து இரண்டு மூன்று ஆண்டில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் மீன். ஒரு நல்ல ஆண்டில் பிறந்த குஞ்சுகளே அடுத்த பருவத்தில் வலை முழுக்க இருக்கும். அந்த ஆண்டில் ஏதோ ஒரு மூலையில் முட்டையிட்ட மீன்களின் பிள்ளைகள் மட்டும் பிழைத்திருந்தால், நம் மாதிரியில் அவர்களுடைய முகமே தெரியும். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அந்த ஆண்டு வித்தியாசம் தெரிந்தால் அது இரண்டு கூட்டம் என்பதாலா, அல்லது அந்த ஆண்டின் தற்செயலா? ஒரு முறை அள்ளிய மாதிரி இதற்குப் பதில் சொல்லாது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே வித்தியாசம் நின்றால்தான் நம்பலாம்.

நீரோட்டமும் இதில் சேர்கிறது. தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் எங்கள் குப்பங்களில் சொல்வார்கள். ஆண்டின் முற்பாதியில் கரையோரம் நீர் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே ஓடும். முட்டையும் குஞ்சும் அந்த ஓட்டத்தோடுதான் போகும். மாசியில் பிறந்த குஞ்சும் ஐப்பசியில் பிறந்த குஞ்சும் ஒரே இடத்தில் போய்ச் சேராது. அதனால் பருவம் குறிக்காத மாதிரியால் பயன் குறைவு. முட்டையிடத் தயாராக, வயிறு நிறைந்து நிற்கும் மீன்களைத் தனியாக எடுத்தால்தான் எந்தக் கூட்டம் எங்கே பெருகுகிறது என்று பிடிபடும்.

அடுத்து, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் பற்றி. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே சின்னமுட்டம் ஒரு நாட்காட்டியிலும் குளச்சல் இன்னொரு நாட்காட்டியிலும் இருக்கின்றன. தடையை நான் எதிர்க்கவில்லை, அது பல இனங்களுக்கு உதவுகிறது. மத்தி மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் முட்டையிடுவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம், ஆகவே அங்கே நாட்காட்டிக்கும் மீனுக்கும் ஓரளவு பொருத்தம் இருக்கிறது. இங்கே பழவேற்காட்டிலிருந்து பாம்பன் வரை ஒரே 61 நாள் மத்திக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை, கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்த்த கணக்கு இருந்தால் எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் எடுத்து வைக்கலாம். நிவாரணத் தொகை பற்றிய சண்டையில்கூட அது உதவும்.

ஆக, கேட்பது இதுதான். உங்கள் கணக்கெடுப்பாளர்கள் ஏற்கெனவே துறைமுகங்களுக்குப் போய் மீனை அளக்கிறார்கள். அதே கையோடு பழவேற்காடு, காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், குளச்சல் ஆகிய இடங்களில் சில மீன்களின் காதுக்கல்லை ஒரு காகித உறையிலும், துடுப்பு நறுக்கை சாராயம் (எத்தனால்) ஊற்றிய சிறு குப்பியிலும் போடட்டும். உறையின் மேல் நாள், இடம், வலை, நீளம், ஆணா பெண்ணா, சினையின் நிலை. ஃபார்மலின் வேண்டாம். நம் கல்லூரி அலமாரிகளில் மஞ்சளேறி நிற்கும் பழைய பாட்டில்களிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு, காரணம் அந்த ஃபார்மலின்தான்.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். காகிதத்துக்கும் சாராயத்துக்கும் ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டுக்குள் அடங்கும். ஆய்வகச் சோதனையை இப்போதே செய்ய வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. கிரீன்லாந்தில் காட் மீனின் காதுக்கற்களை வயது பார்ப்பதற்காக உறையில் போட்டுப் பல பத்தாண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். மரபணு என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. பின்னால் வந்தவர்கள் 1930களின் உறைகளைத் திறந்து, கல்லில் ஒட்டிக் காய்ந்திருந்த திசுவிலிருந்து மரபணுவைப் பிரித்து, எந்தக் கூட்டம் எப்போது தேய்ந்தது என்று படித்தார்கள். 1985இல் காசிமேட்டில் யாராவது ஓர் அட்டைப்பெட்டியில் உறைகளைச் சேர்த்திருந்தால், மத்தி எங்கிருந்து வந்தது என்று இன்று நான் மடல் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

உண்மையான தடை பணமல்ல, திட்டக் காலம். மூன்றாண்டுத் திட்டம், அறிக்கை, நிறைவு விழா, அப்புறம் மாதிரிகள் ஒரு மூலையில். இந்தச் சேமிப்பைத் திட்டமாக நடத்தாதீர்கள். மழையளவு பதிவது போல வழக்கமான அலுவலாக ஆக்குங்கள். பொறுப்பாளர் மாறினாலும் உறை நிற்கக் கூடாது. எந்த உறை எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பொதுவில் இருக்கட்டும். கல்லூரிகளும் கேட்டு வாங்கி ஆராயட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது போல இன்னொரு கேடு வந்தால், அதற்கு முந்தைய மீன் எப்படி இருந்தது என்று ஒப்பிடவும் ஏதாவது கையில் இருக்கும்.

மீனவர் பஞ்சாயத்துகளிடம் முதலில் பேசிவிடுங்கள். 'தலையை வெட்டி என்ன பண்ணப் போறீங்க' என்ற கேள்வி வரும். விளக்கினால் ஒரு கூடை மீனை அவர்களே ஒதுக்கித் தருவார்கள். அவர்கள் எந்த ஓட்டத்தில், எத்தனை பாக ஆழத்தில் பிடித்தார்கள் என்பதையும் உறையின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். காதுக்கல் எடுக்கக் கற்றுத்தர ஆள் தேவைப்பட்டால், என் பழைய மாணவர்கள் சிலர் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், நானும் வருகிறேன். ஏப்ரல் 15க்கு முன் முதல் தொகுதியும், ஜூன் 14க்குப் பின் படகுகள் திரும்பும் முதல் வாரத்தில் இரண்டாம் தொகுதியும் எடுத்துவிட்டால் இந்த ஆண்டுக்குத் தொடக்கமாக அது போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
ராயபுரம், சென்னை