புண்ணாக்கு எங்கே என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் எண்ணெய்க் கலப்படம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் மதுரைப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதன் பிறகும் ஏமாந்தால் அது வீட்டுப் பெண்களின் கவனக்குறைவுதான் என்ற பொருளில் முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரி மனதை விட்டுப் போகவில்லை. அடுப்படியில் நிற்பவர் மேல் பழியைப் போடுமுன், அந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தொழில் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

ஃப்ரிட்ஜ் சோதனை தேங்காய் எண்ணெய்க்கு உரியது. 24 டிகிரி வாக்கில் அது உறைந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயோ, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் எண்ணெயோ கலந்திருந்தால் உறையாமல் தனியே நிற்கும். ஆனால் விவரம் தெரிந்து கலப்பவர்கள் எண்ணெய்ப் பனையின் விதைப் பருப்பிலிருந்து வரும் பாம் கெர்னல் எண்ணெயைத்தான் எடுப்பார்கள். அதுவும் தேங்காய் எண்ணெயைப் போலவே கட்டியாகும், டம்ளரில் வித்தியாசமே தெரியாது. தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு (நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 7.5 முதல் 10-க்குள் இருக்க வேண்டும், பாம் கெர்னல் சேர்ந்தால் அது ஏறும். ஆய்வகத்தில்தான் அதைப் பார்க்க முடியும்.

நல்லெண்ணெய்க்கு இந்தச் சோதனை பாதிக்குக்கூட உதவாது. பாமாயில் கலந்திருந்தால் குளிரில் கலங்கும், சூரியகாந்தி கலந்திருந்தால் தெளிவாகவே இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூரால் என்ற ரசாயனமும் சேர்த்துக் குலுக்கிச் சிவப்பு நிறம் பார்க்கும் சோதனையையும் எழுதியிருந்தீர்கள். அது எள் எண்ணெய் இருக்கிறதா என்று சொல்லும், வேறு எதுவும் இல்லை என்று சொல்லாது. வனஸ்பதியில் அடையாளத்துக்காக 5 சதவீதம் எள் எண்ணெய் சேர்க்க வைத்ததே, நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால்தான். அந்த அளவு எள் இருந்தாலே சிவக்கிற சோதனையை வைத்து ஒரு பாட்டில் முழுவதும் நல்லெண்ணெய் என்று எப்படி நம்புவது? கடலை எண்ணெய் கலந்திருக்கிறதா என்று அறிய பெல்லியர் கலங்கல் வெப்பநிலை, அதாவது ஆய்வகத்தில் பக்குவப்படுத்திய எண்ணெயை ஆறவிடும்போது அது கலங்கத் தொடங்கும் வெப்பநிலை, பார்க்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு அது 22 டிகிரியைத் தாண்டக் கூடாது, கடலை எண்ணெய்க்கு 39 முதல் 41 வரை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு. பேனாவும் தாளும் போதும். செக்கில் 100 கிலோ எள் ஆட்டினால் 40 கிலோ எண்ணெய் வரும். ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம் இருக்கும். ஆக ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ எள் வேண்டும். எள் கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எள்ளுக்கு மட்டும் 368 ரூபாய். மிஞ்சும் 1.3 கிலோ புண்ணாக்கைக் கிலோ 35 ரூபாய்க்கு விற்றாலும் 45 ரூபாய்தான் திரும்பி வரும். எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டி, மின்சாரம், கூலி, பாட்டில், வரி எல்லாம் இன்னும் இருக்கின்றன. எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் இறுகப் பிழிந்து 45 சதவீதம் எடுத்தாலும் லிட்டருக்கு 2 கிலோவுக்குக் குறையாது. அப்படியிருக்க, கீழமாசி வீதியில் ஒருவர் ‘சுத்தமான செக்கு நல்லெண்ணெய்’ லிட்டர் 240 என்றால், அந்த விலையே சாட்சி.

உணவுத் தொழிலில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். ஆபத்துகளைக் கணிக்கும் வழக்கமான முறை தவறிப்போய் நேரும் கேடுகளுக்காக ஏற்பட்டது. மோசடி தெரிந்தே செய்வது, சோதனையில் தப்பும்படி திட்டமிட்டுச் செய்வது. ஆகவே கேள்விகளும் வேறு. மூலப்பொருளுக்கும் அதன் மலிவு மாற்றுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு? முழுதாக வருகிறதா, தூளாகவோ திரவமாகவோ வருகிறதா? எத்தனை கை மாறுகிறது? அடக்க விலைக்கும் கீழே நாமே பேரம் பேசுகிறோமா? கடைசிக் கேள்வியைப் பல கம்பெனிகள் கேட்டுக்கொள்வதே இல்லை. கட்டுப்படியாகாத விலைக்குச் சரக்கு கேட்பவர் கலப்படத்துக்குத் தாமே ஆர்டர் கொடுக்கிறார்.

சப்ளையரிடம் ஆய்வறிக்கை வாங்கி ஃபைலில் போடுவதோடு நிற்கக் கூடாது. ஒரு டன் செக்கு நல்லெண்ணெய் தருகிறாரா, இரண்டரை டன் எள் வாங்கிய பில்லைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு புண்ணாக்கு விற்ற பில்லையும் கேட்க வேண்டும். எள் பில்லை எப்படியாவது தயார் செய்துவிடுவார்கள், புண்ணாக்கை மறந்துவிடுவார்கள். எண்ணெய் ஆட்டிய இடத்தில் புண்ணாக்கு இல்லாமல் இருக்காது. மாதிரி எடுக்கும்போதும் டின்னின் மேலே மட்டும் மொள்ளாமல், மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் கனமான கொழுப்பு அடியில் தங்கிவிடும்.

இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடமில்லாமல் இல்லை. ஒவ்வொரு தையிலும் வெல்லத்தில் சர்க்கரை கலந்த செய்தி வருகிறது. மாம்பழ சீசனில் கார்பைடு பழங்களைக் கொட்டி அழிக்கும் படம் வருகிறது. எடுத்த மாதிரி என்ன ஆயிற்று என்று ஒரு முறையாவது போட்டீர்களா? மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆய்வகம் மதுரையிலேயே இருக்கிறது. அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி எவரும் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம், குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெண்களைக் குறை சொன்ன கட்டுரையில் அவர்களுக்குள்ள இந்த உரிமைக்கு இரண்டு வரி கிடைக்கவில்லை. சமையலுக்கு ஆகாத, விளக்கேற்ற மட்டுமே விற்கும் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டிலில் அடுக்கி வைப்பது பற்றியும் ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது சிறிய விஷயம். வாரந்தோறும் நீங்கள் வெளியிடும் விருதுநகர் சந்தை நிலவரத்தில் நல்லெண்ணெய் 15 கிலோ டின் விலை இருக்கிறது. அதன் கீழே எள் ஒரு கிலோ என்ன விலை, எள் புண்ணாக்கு என்ன விலை என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விசாரித்தால் எள் விலை தெரிந்துவிடும். கவனக்குறைவு என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
எண்ணெய் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
மதுரை