அண்ணே, அந்தக் குறுந்தட்டைத் தபாலில் அனுப்பாதே

அன்புள்ள அண்ணனுக்கு,

புதிய மடிக்கணினி வாங்கிவிட்டேன். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில்தான். நீ உடன் இல்லாமல் அங்கே பேரம் பேசியது இதுவே முதல் முறை, அதனால் நன்றாக ஏமாந்திருப்பேன். நேற்று இரவு டெபியன் 13 இயங்குதளத்தை நிறுவ உட்கார்ந்தேன். வட்டைப் பிரிக்கும் கட்டம்வரை சிக்கலில்லை. பிறகு அந்தக் கேள்வி வந்தது: மாற்றங்களை வட்டில் எழுதலாமா? ஆம், இல்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

2009-இல் அப்பாவின் கணினியில் நான் நிறுவிய டெபியனின் லென்னி பதிப்பு கேட்ட அதே கேள்வி. அன்று நான் 'ஆம்' தட்டியதில்தான் அவர் கதைகள் அழிந்தன. பதிப்புகள் எத்தனையோ வந்து போய்விட்டன, அந்தப் பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. தேர்வு 'இல்லை'யின்மேல்தான் நிற்கும். வெறுமனே என்டர் தட்டினால் ஒன்றும் அழியாது. வேண்டுமென்றே 'ஆம்' பக்கம் நகர்த்திய பிறகுதான் தட்ட வேண்டும். ஆகவே, "கை தவறிப் பட்டுவிட்டது" என்று இத்தனை வருடமாக நான் சொல்லிவரும் கதை பொய் என்பது டெபியன் நிறுவிய எவருக்கும் தெரியும். உனக்கு அன்றே தெரியும். ஆனாலும் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை.

ஆனால், "எல்லாவற்றையும் குறுந்தட்டில் எழுதிக்கொண்டேன், நீ தாராளமாக அழிக்கலாம்" என்று பினாங்கிலிருந்து போனில் சொன்னது யார்? தீபாவளிக்கு வந்தபோது நீ எடுத்துப்போனது கண்ணுக்குத் தெரிந்த கோப்புறை ஒன்றைத்தான். அப்பா புதுக் கதைகளை வேறெங்கோ சேமித்துக்கொண்டிருந்தார். நீ அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். சரி, என் தவறுதான். ஆனால் என் தவறு மட்டும்தானா என்பதை இன்றுவரை நீ சொன்னதில்லை.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. நிறுவி முடியும்வரை அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது முடிந்ததும் அஞ்சல் வந்துவிடும், இல்லையா?" என்றார். கணினியில் தமிழ் தட்டும் முரசு அஞ்சலைச் செய்த முத்து நெடுமாறன் நம் ஊர்க்காரர் என்பதை வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அல்லவா! புதுத் திரை வந்தது. அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் ஷிப்ட் விசையின் எழுத்து தேய்ந்தே போயிருந்தது. அஞ்சல் முறையில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும். அவருக்கோ கதை முழுக்க 'வெள்ளைக்காரன்', 'கிராணி', 'ஆறு'. சுண்டுவிரலை அந்த விசைமேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். கதைகள் போய்விட்டன என்று நான் சொன்னதும் விரலை எடுத்தார். "பரவாயில்லையம்மா, தலையில் இருக்கிறது" என்றார். மறுநாள் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வந்தார். அதில் நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறார்.

கணினி பக்கம் பிறகு அவர் வரவே இல்லை.

அம்மா இதைப் படிப்பார். அதனால் ஆஸ்பத்திரியில் நமக்குள் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். உன் தட்டில் அப்பாவின் கோப்புகள் சில இருக்கின்றனவாம். திறந்தால் பிரெஞ்சுக்காரன் எழுதியதைப்போல் கொம்பும் புள்ளியும் வைத்த எழுத்துகளாக வருகிறதாம். கெட்டுப்போய்விட்டது என்று எடுத்து வைத்துவிட்டாயாம். இதை ஒரு கல்யாண வீட்டில், தாம்பூலப் பையோடு நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. சொன்னது யார் என்று எழுதமாட்டேன். சித்தி, நீங்கள் பயப்பட வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் அண்ணனே, அது கெட்டுப்போகவில்லை. அது திஸ்கி. யூனிகோடு பரவுவதற்கு முன் அப்பா காலத்தில் நிறையப் பேர் அதில்தான் எழுதினார்கள். ஆங்கிலம் போக மிச்சமிருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கி வைத்த குறியாக்கம். அதற்கான எழுத்துரு இல்லாவிட்டால் அந்த இடங்களில் ஐரோப்பிய எழுத்துகள் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். அதில் 'கொ' என்பது நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே இருக்கும்: கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடு ககரத்தை முன்னால் வைக்கும். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். இதற்கென்று எதையும் தேடி நிறுவ வேண்டியதுகூட இல்லை, குறியாக்கத்தை மாற்றித்தர டெபியனில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் பழைய கோப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரே வரிக் கட்டளை, தமிழாக வந்து விழுந்தது.

ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். வட்டை அழித்தவளிடம் போய்க் கேட்பதா என்று நினைத்தாயோ? இல்லை, கெட்டுப்போன கோப்புகள் என்று தெரிந்தால் நான் இன்னொரு முறை உடைந்துபோவேன் என்று மறைத்தாயோ? இரண்டாவதாக இருந்தால், நீ என் அண்ணன்தான். முதலாவதாக இருந்தால், அதுவும் நீதான்.

நேற்று இரவு ஒரு மணிக்கு 'ஆம்' தட்டினேன். புத்தம் புதிய வட்டு, அழிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் அவ்வளவு நேரம் ஆயிற்று. எடிட்டருக்கும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கும் முன்னால் ரெஸ்டிக் நிறுவினேன், காப்புப்படி எடுக்க. ஒரு படி வெளிவட்டில், ஒரு படி வீட்டுக்கு வெளியே. அதன் பிறகுதான் விம் எடிட்டர். அலுவலகத்தில் எல்லாரும் விஎஸ் கோடுதான், எனக்கு இன்னும் நீ பழக்கியதே கை வருகிறது. திறந்ததும் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் அந்த வரியை முதன்முதலில் எனக்குக் காட்டியவன் நீ. 2023 ஆகஸ்டில் விம்மை உருவாக்கிய பிராம் மோலனார் இறந்தபோது உனக்கு ஒரு செய்தி தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

தமிழில் தட்ட ஐபஸ் மென்பொருள். அதில் தமிழ்99 விசைப்பலகை அமைத்திருக்கிறேன், ககரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுவது எனக்குப் பிடிக்கும். அதோடு அப்பாவின் ஒலிப்பு முறையையும் சேர்த்தேன். அதில் எழுதப்போவதில்லை, இருக்கட்டும்.

அடுத்த மாதம் அப்பாவின் பத்தாவது திதி. செந்தூல் வீட்டில்தான். தட்டைத் தபாலில் அனுப்பாதே, நீயே கையில் கொண்டு வா. இந்தக் கணினியில் அதைப் போட இடமில்லை என்பதால் லோயாட்டிலேயே வெளியில் செருகும் டிரைவ் ஒன்றும் வாங்கிவிட்டேன். அதன் தட்டு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று மூன்று முறை பார்த்தாயிற்று.

உன் தங்கை