வராத பட்டாசுப் பெட்டி: நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர், உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, சென்னை.
நகல்: தமிழ்நாடு காவல்துறை, இணையவழிக் குற்றப்பிரிவு.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர். பணம் தொடர்பான எந்தச் சிக்கலுக்கும் எங்கள் தெருவில் முதல் முறையீடு என்னிடம்தான் வரும். சிவகாசிப் பட்டாசுக் கடை என்று சொல்லிக்கொண்ட ஒரு வாட்ஸ்அப் எண்ணை நம்பி அவர் இரண்டு தவணையாக 6,400 ரூபாய் அனுப்பியிருந்தார். விலைப்பட்டியல் அழகாக அச்சிட்ட கோப்பாக வந்திருந்தது. அதன் தலைப்பில் ஜிஎஸ்டி எண், கிட்டங்கியின் படம், முருகன் படம் எல்லாம் இருந்தன. பாதிப் பணம் கட்டிய மூன்றாம் நாள் லாரி சர்வீஸ் ரசீது ஒன்றின் படத்தை அனுப்பி, பெட்டி ஏறிவிட்டது, மீதியைக் கட்டினால்தான் ரசீது எண் தருவோம் என்றிருக்கிறார்கள். மீதியும் போனது. அதற்குப் பிறகு அந்த எண் அணைந்தே கிடந்தது. நானும் அவருமாக லாரி அலுவலகத்துக்குப் போனபோது, படத்தைப் பார்த்த குமாஸ்தா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "இந்த வருஷம் நீங்க பதினோராவது ஆள் சார்."

அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் புகார் கொடுத்திருப்பார்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருந்தாலும் பயன் குறைவாகவே இருந்திருக்கும் என்பதுதான் இந்த மடலை எழுதத் தூண்டியது. இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. ஏமாந்த சில மணி நேரத்துக்குள் அழைத்துவிட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி, எடுக்கப்படாமல் எஞ்சியதை மீட்க வழி உண்டு. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது, ஏமாந்தவருக்குத் தாம் ஏமாந்தது உடனே தெரியும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. பட்டாசு மோசடியின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. பெட்டி வந்துசேர எட்டு, பத்து நாள் ஆகும் என்பது வாங்குகிறவர் தாமாகவே ஒப்புக்கொள்ளும் விஷயம். அந்தப் பத்து நாளும் மோசடிக்காரர் கையில் கிடைத்த அவகாசம். சந்தேகம் வருகிற நாளில் பணம் நான்கு கணக்குகள் மாறி எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாகியிருக்கும்.

வங்கியின் பக்கமும் கதவு மூடித்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் மூன்றாம் நபரால் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டு, அவர் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், இழப்பு அவர்மேல் விழாது என்றது. இங்கே ரகசிய எண்ணை அழுத்தியவர் வாடிக்கையாளரே. யுபிஐ மூலம் தம் கையாலேயே அனுப்பிய பணம் அந்தச் சுற்றறிக்கையின் நிழலில் வராது. கடையின் பெயர் ஏதோ ஒரு டிரேடர்ஸ் என்றிருக்க, பணம் அனுப்பும்போது திரையில் வந்த பெயர் யாரோ ஒரு தனி ஆளுடையதாக இருந்ததையும் அந்தத் தம்பி கவனித்திருக்கிறார். ‘முதலாளியின் மகன் கணக்கு’ என்ற பதிலில் சமாதானமாகிவிட்டார்.

ஐயா, இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. நடைமுறைதான் குழம்பிக் கிடக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உரிமம் பெற்ற வணிகர் மூலமாக மட்டுமே பட்டாசு விற்கப்பட வேண்டும் என்றும், இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கக் கூடாது என்றும் சொன்னது. அதன் பிறகு சிவகாசி வட்டாரத்து நேர்மையான கடைகள் பலவும் தங்கள் இணையப் பக்கத்தில் அந்தத் தீர்ப்பையே அறிவிப்பாகப் போட்டு, ‘பொருள்களைத் தேர்ந்தெடுத்து விசாரணையாக மட்டும் அனுப்புங்கள், நாங்கள் தொலைபேசியில் அழைக்கிறோம்’ என்று எழுதிக்கொண்டன. வணிகம் திரையிலிருந்து தொலைபேசிக்கு ஓரடி நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓரடியில் வாங்குகிறவருக்கு இருந்த பாதுகாப்பு முழுவதும் கழன்று விழுந்துவிட்டது. பெரிய இணையக் கடைகளில் பொருள் வராவிட்டால் பணம் திரும்பும் ஏற்பாடாவது உண்டு. வாட்ஸ்அப் உரையாடலில் என்ன உண்டு? உண்மையான கடையும் போலிக் கடையும் ஒரே மாதிரிப் பட்டியலை அனுப்பி, ஒரே மாதிரி அழைத்து, ஒரே மாதிரி முன்பணம் கேட்கின்றன. போலிக்காரர்கள் அந்த உச்ச நீதிமன்ற அறிவிப்பையும் ஒரு வரி விடாமல் நகலெடுத்துப் போடுகிறார்கள். தடையே நம்பகத்தன்மைக்குச் சான்றிதழாகிவிட்ட விந்தையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி, ஐப்பசியில் காவல்துறை எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ‘இணையதளம் நம்பகமானதா என்று சரிபார்த்து வாங்குங்கள்’, ‘நம்ப முடியாத தள்ளுபடியைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்னும் வகையிலான அறிவுரை, பட்டாசு விஷயத்தில் எதற்கும் உதவாது. எதைக்கொண்டு சரிபார்ப்பது? தள்ளுபடியைக்கொண்டு போலியை அடையாளம் காண்பது புடவையில் நடக்கலாம், பட்டாசில் நடக்காது. சிவகாசியில் பரம்பரையாகக் கடை வைத்திருப்பவரே பட்டியலில் ஒரு பெட்டிக்கு 500 ரூபாய் என்று அச்சிட்டு, 80 விழுக்காடு தள்ளுபடி என்று எழுதி, 100 ரூபாய்க்குத்தான் விற்கிறார். அந்த 500 ரூபாய்க்கு எந்த ஊரிலும் எவரும் அதை வாங்கியதில்லை. அச்சிட்ட விலை என்பது வெறும் அலங்காரமாகிவிட்ட சந்தையில், 90 விழுக்காடு தள்ளுபடி என்கிற மோசடிக்காரர் இன்னும் கொஞ்சம் தாராளமான கடைக்காரராகத்தான் தெரிவார். பெட்டியில் அச்சிடும் விலையையும் கவனிக்கும் சட்டமுறை எடையளவு விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சிடப்படுவதற்கும் விற்கப்படும் விலைக்கும் இத்தனை தூரம் இருப்பதை அவர்களோடு சேர்ந்து உங்கள் துறை கேள்வி கேட்டால், எச்சரிக்கைச் சுவரொட்டிகளால் ஆகாதது ஆகும். வணிகர்களுக்கும் அது நன்மையே. போலிகளால் கெடுவது அவர்கள் ஊரின் பெயர்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அந்தத் தம்பி காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கினார். காரணம் கேட்டபோது, "ஆன்லைன்ல வாங்கினதே தப்புன்னு என்மேல கேஸ் போட்டுட்டா என்னண்ணே பண்றது?" என்றார். தடை விற்பவருக்கானது, ஏமாந்தவர் புகார் கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை என்று உங்கள் துறையும் காவல்துறையும் சேர்ந்து ஒரே ஒரு வரி தமிழில் அறிவித்தால், வாய் திறக்காமல் இருக்கும் பலர் வெளியே வருவார்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ போனவர்கள் பண்டிகை நாளில் மானத்தை இழக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தச் சின்னத் தொகைகளை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

பட்டாசையே பேசுவதால் மற்றவை ஒழுங்காக இருக்கின்றன என்று பொருளில்லை. இன்ஸ்டாகிராமில் முகவரியே இல்லாத புடவைக் கடைகள், ‘இன்னும் இரண்டுதான் இருக்கிறது’ என்று எப்போதும் இரண்டையே காட்டும் விற்பனைப் பக்கங்கள், கேட்காமலே கூடையில் வந்து உட்காரும் காப்பீட்டுக் கட்டணம் ஆகியவையெல்லாம் பண்டிகைக் காலத்தில் பெருகுகின்றன. இவற்றுக்கு விதிகள் உண்டு. 2020 ஜூலையில் வந்த இணைய வணிக விதிகள், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. போலி அவசரம் காட்டுவதும், கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களுள் அடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குத் தொடுக்கலாம். அதுவும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இந்தக் கருவிகளெல்லாம் எதிர்த்தரப்புக்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தால் வேலை செய்யும். அணைந்துபோன ஒரு கைப்பேசி எண்ணுக்கு எந்த ஆணையம் அறிவிப்பு அனுப்பும்? அதனால்தான் பட்டாசை முன்னே வைக்கிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வெடிபொருள் விற்பனை உரிமம் அரசு கொடுப்பது. மாவட்ட நிர்வாகமும், மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகமும், மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் கொடுக்கும் உரிமங்களின் விவரம் அரசுக் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கி, உரிமம் பெற்ற கடையின் பெயர், உரிம எண், முகவரி, தொலைபேசி எண், பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய ஐந்தையும் மாவட்ட வாரியாகத் தமிழில் ஒரே பக்கத்தில் ஆடி முடிவதற்குள் வெளியிடுங்கள். ஒருவர் தமக்கு வந்த வாட்ஸ்அப் எண்ணை அங்கே தட்டிப் பார்த்து, இருக்கிறது, இல்லை என்று அரை நிமிடத்தில் அறிய முடிய வேண்டும். ‘சரிபார்த்து வாங்குங்கள்’ என்ற அறிவுரைக்கு அப்போதுதான் அர்த்தம் வரும். கணக்கின் பெயரை வெளியிட வணிகர்கள் தயங்கலாம். உரிமம் புதுப்பிக்கும்போதே அதை ஒரு நிபந்தனையாக்கினால் தயக்கம் தானாகத் தீரும்.

அடுத்தது விளம்பரம். என் தெருக்காரர் அந்த எண்ணைத் தேடிப் போகவில்லை. பேஸ்புக்கில் காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரம் அவரைத் தேடி வந்தது. ஆர்டர் ஏற்கக் கூடாத பொருளுக்கான விளம்பரத்தைக் காட்டிக் காசு வாங்கும் தளத்துக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் போடும் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்று பேஸ்புக் போன்ற இடைநிலைத் தளங்களுக்குத் தரும் பாதுகாப்பு, அரசு முறைப்படி அறிவித்த பிறகும் சட்டவிரோதமான உள்ளடக்கத்தை நீக்காத தளத்துக்குக் கிடைக்காது. புகார் வந்த ஒவ்வொரு பக்கத்தையும் பண்டிகைக்குப் பிறகு துரத்திக்கொண்டு போவதைவிட, ஆவணி மாதத்திலேயே இணையவழிக் குற்றப்பிரிவு இந்த விளம்பரங்களைத் தேடிப் பிடித்து நீக்கச் சொல்வது குறைந்த வேலை. தீபாவளி ஒன்றும் புயலைப்போலச் சொல்லாமல் வருவதில்லை. இந்த 2026ஆம் ஆண்டில் அது நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை என்று அரசின் விடுமுறைப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கிறது. மோசடிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் சிம் கார்டு வாங்குகிறார்கள்.

தீபாவளிச் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களை என் வங்கிக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதாவது சீட்டுப் பிடித்தவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும், கதவைத் தட்டிச் சண்டை போடலாம். அந்தத் தம்பிக்கு அந்த வழியும் இல்லை. அவர் கடைசியில் உள்ளூர்த் தற்காலிகக் கடையில் எண்ணூறு ரூபாய்க்கு மத்தாப்பும் சங்குச்சக்கரமும் வாங்கிப் பிள்ளைகளைச் சமாளித்தார். 1930க்கு நானே அழைத்துப் புகாரைப் பதிந்து கொடுத்தேன். பதிவு எண் இன்னும் என் டைரியில் இருக்கிறது.

இந்த மடலுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வரும் பதிலை எங்கள் தெரு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் அந்த லாரி அலுவலகத்துக் குமாஸ்தாவை மறுபடியும் போய்ப் பார்ப்பேன். இந்த ஆண்டின் கணக்கு எத்தனை என்று கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர்,
பாளையங்கோட்டை.