பேரன் பல் விஷயமாக

அன்பு மகனுக்கு,

லீவு முடிந்து நீங்கள் சென்னைக்குக் கிளம்பிப் போன நாளிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் முழுதாகச் சொல்ல முடியாமல் போய்விடும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே இருந்தபோது ஒரு ராத்திரி மருமகள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குட்டிப்பயலைக் கூப்பிட்டாள். "தாத்தா தேய்க்கலையே, நான் மட்டும் ஏன்?" என்றான். நீ கட்டிலில் படுத்தபடி, "விடு, ஒரு நாள்தானே" என்றாய். அவள் ஒன்றும் பேசாமல் பிரஷ்ஷை டம்ளரில் வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் உன் அம்மாவும் அப்படித்தான் நின்றாள்.

உனக்கு நினைவிருக்காது. நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. காலையில் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை தேய்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்றே சின்ன பிரஷ் வாங்கி வந்து ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சேலம் ரூட்டில் கண்டக்டர் வேலை. கடைசி டிரிப் முடிந்து வீடு வரப் பத்து மணி ஆகும். கையில் கடலை மிட்டாயோ தேங்காய் பன்னோ இல்லாமல் வந்ததில்லை. பகலெல்லாம் உன் முகத்தைப் பார்க்காதவன், தூங்குகிற உன்னை எழுப்பி உட்கார வைத்து ஊட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். "இப்பத்தானே பல்லு தேய்ச்சுவிட்டேன்" என்பாள் அம்மா. "விழப்போற பல்லுதானே" என்பேன் நான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அடுப்புக்கரி, உப்பு, செங்கல் பொடி, வேப்பங்குச்சி என்று சின்ன வயதில் எதையும் விட்டுவைக்கவில்லை. கறை போகவே இல்லை. கல்யாண போட்டோவில் நான் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். அந்தக் கசப்பில் ஒருநாள் உன் முன்னாலேயே அம்மாவிடம், "எவ்வளவு தேய்ச்சு என்ன, நம்ம ஊர்ப் பல்லு வெளுக்கவா போகுது?" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ராத்திரி நீ பிரஷ்ஷைத் தள்ளிவிட்டு அதே வார்த்தையைச் சொன்னாய். அம்மா அதோடு விட்டுவிட்டாள்.

கறை வேறு, சொத்தை வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் ஈறுக்குள் உருவாகும்போதே கெட்டுவிடும். முளைத்து வந்த பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அதற்காகத்தான் நம் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல்தான் தொடங்கி வைத்தார்கள். சொத்தை அப்படியில்லை. பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பைத் தின்று கிருமி விடுகிற அமிலம் பல்லை அரிப்பது அது. தேய்த்தால் தடுத்துவிடலாம்.

ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுளுக்கும் அதுதான். உனக்கு அது கறுத்துக் குழி விழுந்தபோது, விழுந்து முளைக்கும் என்று நானும் அம்மாவும் சும்மா இருந்துவிட்டோம். ஒன்பது வயதில் கன்னம் வீங்கி மூன்று நாள் அழுதாய். பிடுங்கின பிறகுதான் டாக்டர் சொன்னார், இனி அந்த இடத்தில் பல் வராது என்று. இன்றைக்கும் நீ இடது பக்கம் மட்டுமே மெல்லுகிறாய். இலையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது.

குட்டிப்பயலுக்கு மாசி வந்தால் ஆறு. அதனால் கேட்கிறேன், ராத்திரிப் பல் தேய்த்துவிடுகிற வேலையை நீ எடுத்துக்கொள் தம்பி. கண்டிப்பெல்லாம் அவள் தலையில், செல்லம் மட்டும் உன் கையில் என்று இருப்பது சரியில்லை. அவள் சொன்னதை நீ ஒரு வார்த்தையில் உடைத்தால் பிள்ளை அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

காலையில் தப்பினாலும் ராத்திரி தப்பக்கூடாது. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். தின்றது அப்படியே பல்லில் நிற்கும். போய்த் தேய் என்று அவனை அனுப்பினால் முன்பல்லைத் தொட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். ஏழெட்டு வயது வரை பின்பல்லுக்கு அவன் கை வராது. நீ முதலில் தேய், அவன் பார்க்கட்டும். அப்புறம் அவன் தலையை உன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நீயே தேய்த்துவிடு. பேஸ்ட் பட்டாணி அளவு போதும். நம் ஊரைக் கெடுத்த அதே ஃபுளோரைடுதானே பேஸ்ட்டிலும் இருக்கிறது, அது வேண்டாம் என்று உன் சித்தப்பா சொன்னார் இல்லையா, அதைக் கேட்காதே. பல் வளர்கிற வயதில் தினமும் குடித்து உள்ளே போவது வேறு, கொஞ்சமாகப் பல் மேல் பூசித் துப்புவது வேறு. விழுங்காமல் துப்பப் பழக்கு. துப்பின பிறகு தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட் சற்று நேரம் பல்லில் இருக்கட்டும். பாலை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

அந்த ராத்திரிக்கு மறுநாளிலிருந்து நீங்கள் கிளம்பும்வரை நாலு நாள் நானும் அவனும் தொட்டியடியில் நின்று சேர்ந்து தேய்த்தோம். 67 வயதில் ராத்திரி நான் பிரஷ் பிடித்தது அதுதான் முதல் தடவை. "தாத்தா, உங்க பல்லு ஏன் பழுப்பா இருக்கு?" என்றான். பழைய வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அது தண்ணியால வந்தது கண்ணு, அழுக்கு இல்ல. இருக்கிற பல்லைக் காப்பாத்திக்கத்தான் தேய்க்கிறேன்" என்றேன். சரி என்று அவனும் தேய்த்தான். நீங்கள் போன பிறகும் நான் விடவில்லை.

கடிதம் கிடைத்த அன்று ராத்திரி அவன் வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு வெளுத்திருக்கிறதா, முனை ஏதும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. பத்து மணிவரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா